நூற்றுக்குத் தொண்ணூறு

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் எழுபதை எட்டாத நான், ஐம்பது தாண்டிய பிறகு நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினேன். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட நீரிழிவு அபாயக் கணக்கு அது. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, நாலே கேள்விதான். ஐம்பது வயது ஆனதற்கு 30. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி பூஜ்யம் என்பதற்கு 30. அப்பா, அம்மா இருவருக்கும் சுகர், ஆளுக்குப் பத்தாக 20. பெற்றோர் சொத்தில் வில்லங்கம் இல்லாமல் என் கைக்கு வந்தது இது ஒன்றுதான். இடுப்பு 97 சென்டிமீட்டருக்கு 10. அறுபது எடுத்தாலே அபாயம் அதிகமாம். இடுப்பு நூறைத் தொட்டிருந்தால் சென்டம்!

97 எப்படி வந்தது என்று எனக்கே வியப்பு. பேண்ட்டை நான் தொப்பைக்குக் கீழே மாட்டுகிறவன். கடைக்காரரும் பல வருஷமாக அதே 34 இஞ்சைத்தான் எடுத்துப்போடுகிறார். வீட்டிலோ வேட்டி. அதற்கு அளவும் இல்லை, புகாரும் இல்லை. நர்ஸம்மா டேப்பைத் தொப்புள் பக்கம் கொண்டுவந்தபோது மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். “மூச்சை விடுங்க சார், நான் இங்கேயேதான் நிப்பேன்” என்றார்.

உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கைக் காட்டி டாக்டரிடம் வாதாடினேன். “பி.எம்.ஐ. 24தானே? 25 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கே?” அது பொதுக் கணக்காம், நம்மவர்களுக்கு 23-லேயே எடை கூடுதல், ஆண்களுக்கு இடுப்பு 90-ஐத் தாண்டக் கூடாது என்றார். 2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு படத்தைப் பற்றியும் சொன்னார். புனேயின் டாக்டர் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் யூட்கின், இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் சேர்த்து வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். வங்கிக் கணக்கில்தான் அந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகவில்லை.

ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.1. 5.7-இலிருந்து 6.4 வரைக்கும் ‘பார்டர்’. ஐ.சி.எம்.ஆர். 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சுகர்காரர்கள் 10.1 கோடி, பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடி. முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது, நாங்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறோம்.

“மாத்திரை போட்டுக்கிட்டு உட்கார்ந்துக்கலாமா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் பதிலுக்கு ஓர் ஆய்வை எடுத்துச் சொன்னார். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தியது, 2006-இல் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி நடந்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கு 26.4. இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபம் இல்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி, “அப்போ நடக்கிறது ஃப்ரீ” என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

நடக்க இடம் வேண்டுமே? சென்னைத் திருமங்கலம் ஏஷியாட் காலனிக்காரர்கள், சுகர் பற்றி விழிப்புணர்வு வந்த பிறகு தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7-க்கு ஏறினார்கள். இதை எங்கள் நகர் நலச்சங்கத்தில் எடுத்துச் சொன்னேன். பூங்காவுக்கு யார் பெயர் வைப்பது என்ற இடத்தில் கூட்டம் நிற்கிறது. இன்னும் அங்கேதான் நிற்கிறது.

சாப்பாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் அச்சடித்த சார்ட் கொடுத்தார்கள். காலை ஓட்ஸ், மதியம் கீன்வா சாலட், இரவு ப்ரோக்கோலி. தெருமுனை அண்ணாச்சியிடம் கீன்வா கேட்டேன். “அது எதுக்குப் போடுற மருந்து சார்?” என்றார். சார்ட் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில், பால் கணக்குக்குப் பின்னால் இருக்கிறது.

பிறகு வேறொரு டயட்டீஷியன் அம்மாவைப் பார்த்தோம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. “வீட்டுல யார் பரிமாறுறது?” என்று கேட்டுவிட்டு நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிக்கொண்டார். “சாம்பாருக்குச் சாதம், ரசத்துக்குச் சாதம், மோருக்குச் சாதம், மூணு ரவுண்டா?”

“நாலு. நடுவுல வத்தக்குழம்பு.”

“எது இல்லேன்னா சார் எழுந்திருக்க மாட்டார்?”

“மோர்சாதம்.”

“அது இருக்கட்டும். முதல்ல பொரியலும் கூட்டும் வயிறார. சாம்பார்ல காயை மட்டும் அள்ளிப் போடுங்க. ரசத்தை டம்ளர்ல கொடுத்துடுங்க. கடைசியில ஒரு கரண்டி மோர்சாதம்.”

என் வயிற்றைப் பற்றிய உடன்படிக்கை என் கையெழுத்து இல்லாமலே நிறைவேறியது. ஆனால் சொல்லத்தான் வேண்டும், இலையில் எதுவும் அந்நியமாக இல்லை. ரசத்தை டம்ளரில் குடிக்கும்போது கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி ஒரு மிதப்புகூட வருகிறது. புதுக் கரண்டி மட்டும் சின்னது. பேத்தியின் சொப்புச் சாமானிலிருந்து எடுத்தாளோ என்று சந்தேகம்.

பண்டிகைக்கும் அந்த அம்மா வழி சொல்லியிருந்தார்: பந்தியில் உட்கார்ந்த பிறகு வேண்டாம் என்றால் சமைத்தவர்களுக்கு அவமானம்; முன்கூட்டியே சொல்லி, வேறொன்று கேட்டு வாங்குங்கள். மாமியார் வீட்டில் பாயசத்தை மறுப்பது லேசான காரியமா? “சர்க்கரையே சேர்க்கலை மாப்பிள்ளை, வெறும் வெல்லம்” என்பார் அத்தை. வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் ரத்தத்துக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான் என்று எழுபத்தெட்டு வயது அத்தைக்கு நான் பாடம் நடத்த முடியுமா? மனைவி முந்தின நாளே போன் போட்டு, “உங்க மாப்பிள்ளைக்கு உங்க கையால கொண்டைக்கடலைச் சுண்டல் வேணுமாம்மா” என்றாள்.

சுண்டல் வந்தது. எல்லார் இலையிலும் பாயசம் ஒரு கரண்டி; என் இலையில் சுண்டல் ஒரு குன்று. கையை இலைக்குக் குறுக்கே வைத்து மறைத்தேன். “சுகருக்கு நல்லதாமே மாப்பிள்ளை” என்று, விரல் இடுக்கு வழியாகவே அடுத்த கரண்டியைத் தள்ளினார் அத்தை.