சுருக்குங்கள், பாட்டியின் சுருக்கங்கள் இருக்கட்டும்

கே: வீடியோவைச் சிறிதாக்க ஹேண்ட்பிரேக்கைத் திறந்தேன். அத்தனை பட்டன்களைப் பார்த்ததும் மூடிவிட்டேன். எதைத்தான் தொட வேண்டும்?

ப: ஒரே ஓர் எண்ணை. 'வீடியோ' பக்கத்தில் ஆர்.எஃப். என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். எச்.264 என்ற சுருக்கும் முறைக்கு அது 0 முதல் 51 வரை. பள்ளிக்கூட ரேங்க் மாதிரி, எண் சிறியதானால் தரம் பெரியது. 1080 படத்துக்கு 20 முதல் 24, பழைய கேசட் படத்துக்கு 18 முதல் 22 என்பது ஹேண்ட்பிரேக் குழுவினரே சொல்லும் அளவு. ஆறு எண் குறைத்தால் ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இந்த முறையில் தரத்தை நீங்கள் பிடித்து வைக்கிறீர்கள், எத்தனை எம்.பி. வேண்டும் என்பதைக் காட்சியே கேட்டு வாங்கிக்கொள்ளும். அசையாத சுவருக்குக் கொஞ்சம், ஆடும் கரகத்துக்கு நிறைய.

கே: மகனின் ஒன்றரை மணி நேரப் பள்ளி ஆண்டு விழா வீடியோவை 100 எம்.பி.க்குள் அடக்க முடியுமா?

ப: கணக்குப் போட்டுவிடுவோம். 100 எம்.பி. என்றால் 800 மெகாபிட். ஒன்றரை மணி நேரம் என்றால் 5400 நொடி. வகுத்தால் நொடிக்கு 148 கிலோபிட். ஒலிக்கு 128 கொடுத்தால் படத்துக்கு மிச்சம் 20. அதில் உங்கள் பிள்ளை எது, திரைச்சீலை எது என்று தெரியாது. அவன் ஆடிய மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். அதற்கு 100 எம்.பி. தாராளம்.

கே: 1990களில் நடந்த எங்கள் கல்யாணத்தின் வி.எச்.எஸ். கேசட்டைக் கணினிக்கு மாற்றினேன். யாராவது நகர்ந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழுகிறது. கேசட் கெட்டுவிட்டதா?

ப: கேசட் நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம். நம் ஊர் டிவியின் 'பால்' (PAL) முறையில் நொடிக்கு 25 படம். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வரும். ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு பங்கு நொடி. தாலி முடியும் கை அதற்குள் சற்று நகர்ந்துவிடுகிறது. பழைய டிவி இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது. கணினி ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிறது, பல் தெரிகிறது.

ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் போடுங்கள். அதில் 'பாப்' என்ற வகையைத் தேர்ந்து, ஃபிரேம்ரேட்டை 50 ஆக்கினால் அன்றைய டிவியின் வழவழப்பான அசைவு அப்படியே திரும்பும். இதைச் செய்யாமல் படத்தின் அளவை மாற்றிவிடாதீர்கள். வரிகள் ஒன்றோடொன்று குழம்பிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. 720க்கு 576 என்று இருப்பதை 1080 ஆக இழுக்கவும் வேண்டாம். கேசட்டில் இல்லாத ஜரிகை இழுத்தால் வராது.

இன்னொன்று, இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். டேப்பில் பொடிப்பொடியாக இரைச்சல் இருக்கும். அதை நீக்க டீநாய்ஸ் உண்டு. 'அல்ட்ராலைட்' அளவோடு நில்லுங்கள். எங்கள் குடும்ப வீடியோ ஒன்றில் நான் 'ஸ்ட்ராங்' வைத்தேன். இரைச்சல் போனது. கூடவே பாட்டியின் கன்னத்துச் சுருக்கங்களும் போய், மெழுகில் செய்த முகம் ஒன்று என்னைப் பார்த்தது. மூல ஃபைல் இருந்ததால் பாட்டி திரும்பக் கிடைத்தார்.

கே: எம்.கே.வி.யை எம்.பி.4 ஆக மாற்றினால் தரம் குறையுமா?

ப: இரண்டும் தூக்குச்சட்டிகள். சாம்பாரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால் ருசி மாறாது. மறுபடி கொதிக்க வைத்தால்தான் மாறும். ஊற்றுவதற்குப் பெயர் ரீமக்ஸ், சில நொடிகளில் முடியும். திரையைப் பதியவும் நேரலை செய்யவும் உதவும் ஓ.பி.எஸ். மென்பொருளில் 'ஃபைல்' மெனுவிலேயே இருக்கிறது. பதிவை எம்.கே.வி.யில் செய்து, முடிந்தபின் எம்.பி.4க்கு ஊற்றுவது நல்ல பழக்கம். வழக்கமான எம்.பி.4 தன் பொருளடக்கத்தைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் திறக்காது. எம்.கே.வி.யில் அதுவரை பதிவானது பிழைக்கும்.

கே: ஹேண்ட்பிரேக்கில் சுருக்கும் வேகத்தை 'ஸ்லோ' என வைத்தால் இரவெல்லாம் ஓடுகிறது. அவ்வளவு பொறுமை தேவையா?

ப: ஆர்.எஃப். எண் ஒன்றாகவே இருந்தால், மெதுவான வேகத்தின் பலன் பெரும்பாலும் சிறிய ஃபைல்தான். ஒருமுறை சுருக்கிப் பல வருடம் வைக்கப்போவது என்றால் இரவு ஓடட்டும். நாளைக் காலை ஒருவருக்கு அனுப்பத்தான் என்றால் 'ஃபாஸ்ட்' போதும். பட்டியலின் கடைக்கோடியில் 'பிளேசிபோ' என்று ஒன்று இருக்கும். மருந்தில்லாத மாத்திரைக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் அது. எச்.264ஆகச் சுருக்கும் எக்ஸ்264 நிரலை எழுதியவர்களே வைத்த பெயர் என்பதால் நம்பலாம்.

கே: என்னிடம் இருக்கும் எச்.264 வீடியோக்களை எல்லாம் எச்.265க்கு மாற்றி ஹார்ட் டிஸ்க்கில் இடம் பிடிக்கலாமா?

ப: வேண்டாம். 2003இல் வந்த எச்.264ஐவிட 2013இல் வந்த எச்.265 கெட்டிக்காரன்தான், மூலத்திலிருந்து நேராகச் சுருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்குவது, ஒருமுறை டிக்காஷன் இறக்கிய தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றுவது. எச்.265இல் ஆர்.எஃப். எண்ணின் அர்த்தமும் வேறு: எக்ஸ்264இன் இயல்பு அளவு 23, எச்.265ஆகச் சுருக்கும் எக்ஸ்265க்கு 28. பழைய டிவியில் போடப்போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு சிறு துண்டைப் போட்டுப் பாருங்கள்.

கே: ஃபோனில் எடுத்த வீடியோவை எடிட் செய்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகிறது.

ப: ஃபோன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி நொடிக்கு எத்தனை படம் என்பதைக் கூட்டிக் குறைக்கும். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' வைத்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

கே: கோயில் திருவிழா நேரலை. தரத்தைப் பிடி, அளவை விடு என்பது இதற்கும் பொருந்துமா?

ப: பொருந்தாது. ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் வீங்கலாம். இணையக் குழாய் வீங்காது. வாணவேடிக்கை ஆரம்பித்ததும் பிட்ரேட் எகிறி, படம் நின்றுவிடும். ஓ.பி.எஸ்.ஸில் பிட்ரேட்டை நிலையாகப் பிடிக்கும் சி.பி.ஆர். வையுங்கள், கீஃபிரேம் இரண்டு நொடிக்கு ஒன்று. உங்கள் அப்லோடு வேகத்தில் முக்கால் பங்கைத் தாண்டாதீர்கள்.

கே: நான் வைத்த அமைப்பு சரியா என்று மூன்று மணி நேரம் ஓடி முடிந்தபின்தான் தெரியுமா?

ப: முப்பது நொடி போதும். ஹேண்ட்பிரேக்கில் இந்த நொடியிலிருந்து அந்த நொடிவரை என்று குறிப்பிடலாம். கல்யாண வீடியோ என்றால் கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும் இடத்தை எடுங்கள். சுருக்கும் நிரலான என்கோடர், முந்தைய படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது என்று ஊகித்துத்தான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. நூறு கைகளிலிருந்து ஆயிரம் அரிசி பறந்தால் அதன் ஊகம் அத்தனையும் தப்பும். அந்த நொடியில் படத்தை நிறுத்துங்கள். அரிசிக்குப் பின்னால் உங்கள் அம்மாவின் கண் கலங்கியிருப்பது தெரிகிறதா? தெரிந்தால் மிச்சத்தை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஆர்.எஃப்.பை இரண்டு குறைத்து, அதே அட்சதையை இன்னொரு முறை ஓட்டுங்கள்.