உலக பஜார் நிபுணர் ஆவது எப்படி? சேத்துப்பட்டு நெசவாளருக்கு ஒரு கையேடு

அடுத்த பாவு வர நாளாகும்; துபாய் மச்சான் டிக்கெட் போட்டுவிட்டார். இஸ்லாமிய நாடுகளின் பழைய பஜார்களைச் சுற்றிப் பார்த்து, ஊர் திரும்பித் தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கீழ்க்கண்ட விதிகளைக் கடைப்பிடிக்கவும்.

1. வயதில் ஆரம்பியுங்கள். கெய்ரோவின் கான் எல்-கலீலி 1382-இல் தொடங்கியது. இஸ்தான்புல்லின் பெரிய பஜாரை சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கட்டத் தொடங்கியது 1450-களில். ஆகவே கெய்ரோவில் நின்று இஸ்தான்புல்லைச் 'சின்னப் பையன்' எனலாம். இஸ்தான்புல்லில் நிற்கும்போது வயதுப் பேச்சை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் பாருங்கள். ஈரானின் தப்ரீஸில் இரண்டு பேரையுமே சின்னப் பையன்கள் ஆக்கிவிடலாம்: மார்க்கோ போலோ காலத்திலேயே அது பேர்போன வணிக நகரம், அதன் பஜாருக்கு 2010-இல் யுனெஸ்கோ பட்டமும் கிடைத்துவிட்டது.

2. வியக்கப் பழகுங்கள். உஸ்பெகிஸ்தானின் புகாராவில் நகை வியாபாரிகளுக்கு ஒரு குவிமாடம், தொப்பி வியாபாரிகளுக்கு ஒன்று, காசு மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. தெரு முழுக்க வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, "ஒரே தொழிலுக்கு ஒரே இடமா!" என்று வாய் பிளக்கவும்.

3. நாற்றத்தை ரசியுங்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் தோல் பதனிடும் தொட்டிகளை மாடியில் நின்று பார்க்க வேண்டும். கையில் புதினாக் கொத்து தருவார்கள், மூக்கில் வைத்துக்கொண்டு "என்ன பாரம்பரியம்!" என்று உருகுங்கள். ராணிப்பேட்டை தாண்டும்போது பஸ் ஜன்னலைச் சாத்தச் சொல்லி சண்டை போட்டதை அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

4. பேரத்தில் மர்மம் காணுங்கள். வளைகுடாவின் முத்து வியாபாரிகள் ஒரு காலத்தில் துணிக்கு அடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசினார்கள். திருவண்ணாமலை தீபத்து மாட்டுச் சந்தையில் தரகர் தோளில் கிடக்கும் துண்டுக்கும் இதே வேலைதான். மாட்டுக்கு நடந்தால் தரகு, முத்துக்கு நடந்தால் மர்மம்.

5. பட்டில் மட்டும் நெசவாளராக இருங்கள். துருக்கியின் புர்சாவில் 1491-இல் சுல்தான் இரண்டாம் பாயேசித் கட்டிய கோசா ஹான், பட்டுக்கூடு வியாபாரத்துக்குப் பேர்போன இடம். இன்று அதன் முற்றத்தில் தேநீர், சுற்றிலும் பட்டுக் கழுத்துத்துணிக் கடைகள். ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் பொடிந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். இந்தச் சோதனையைக் காசு கொடுத்த பிறகு செய்வது உடம்புக்கு நல்லது.

6. கடைசியாக ஒரு கேள்வி. "இதை நெய்தது எந்த ஊர், நெய்தவருக்கு என்ன கூலி?" ஐந்து மொழியில் அழைத்து, மூன்று முறை தேநீர் ஊற்றிய கடைக்காரருக்கு அந்த நொடியில் ஐந்து மொழியும் மறந்துபோகும். மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்து பஜார்களுக்கு மதிப்பெண் போடுங்கள். கூரை, வயது, யுனெஸ்கோ எதற்கும் மதிப்பெண் கிடையாது.

கிளம்பும் முன் ஒத்திகை அவசியம். ஆரணிச் சேலை காஞ்சிபுரம் என்ற பெயரில் மணவறை ஏறுவது உங்களுக்குத் தெரியாததல்ல. காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய கடைக்குள் போய், உங்கள் கைவேலை போலத் தெரிகிற சேலையைக் காட்டி இதே கேள்வியைக் கேளுங்கள். விசா வேண்டாம், பஸ் டிக்கெட் போதும்.