அண்ணனூர் மிதிவண்டித் தடவியல்: மூலமும் உரையும்

பாயிரம்

எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றை முதலில் சொல்லிவிட்டுத்தான் நூலைத் தொடங்க வேண்டும் என்பது மரபு. இந்நூலுக்கு எல்லை: கிழக்கே திருமுல்லைவாயில், மேற்கே ஆவடி, மற்ற இரு பக்கமும் மழைக்காலத்தில் தண்ணீர். நுதலிய பொருள்: மலைச் சைக்கிளுக்குரிய தடங்களைத் தேர்ச்சி வாரியாக வகுத்தல். கேட்போர்: பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள். பயன்: பல் தப்புதல்.

அண்ணனூரில் மலை ஏது என்று மாணாக்கர் வினவலாம். சென்ட்ரல்–அரக்கோணம் வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் ஒரு குன்றும் கண்ணில் படாது என்பது மெய்யே. ஆயினும் மலைத் தடத்துக்கு மலை துணைக்காரணம் மட்டுமே. முதற்காரணம் மேடும் பள்ளமும். அவை இங்கு குறைவின்றி உள.

கலையின் வரலாறு சுருக்கமாக: கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே, 1976 அக்டோபர் 21 அன்று, சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மண்பாதை வழியே மலையிறங்கிப் பந்தயம் விட்டார்கள். பிரேக் பிடித்துப் பிடித்துப் பின்சக்கர ஹப்பின் கிரீஸ் புகைந்துபோகும். இறங்கியதும் புதிதாக அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இருபதே ஆண்டில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக் விளையாட்டாயிற்று.

நம் பக்கத்துக்கும் இதில் உரிமை உண்டு. முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் செய்தது. மறுபுறம் ஆவடியில், 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கி செய்கிறது. சைக்கிள் செய்த ஊருக்கும் டாங்கி செய்யும் ஊருக்கும் நடுவே அண்ணனூர் இருப்பது தற்செயல் அன்று என்பது இந்நூலைப் படித்து முடிப்போர்க்கு விளங்கும்.

நூற்பா 1

வெள்ளை பச்சை நீலம் கறுப்பே
இரட்டைக் கறுப்பெனத் தடம்ஐந் தென்ப.

உரை: ‘என்ப’ என்றது 1988-ல் அமெரிக்காவில் உண்டான பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கத்தாரை. பனிச்சறுக்கு மலைகளில் ஏற்கெனவே நடப்பட்டிருந்த வண்ணப் பலகைகளைப் பார்த்து அவர்கள் இம்முறையை அமைத்தனர். வெள்ளை வட்டம் மிக எளிது, பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். அகலம், தரை, சரிவு, தடையின் உயரம் ஆகியன அளவைகள். ஜெர்மானியர் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு படி கொள்வர். அவர்தம் மதம் ஈண்டு வேண்டப்படாது. ஐந்துக்கே நம் வார்டு திணறுகிறது.

நூற்பா 2

ஆறடி அகன்று தடையொன் றின்றி
வெட்டப் படாதது வெள்ளை யாகும்.

உரை: 72 அங்குலம் அகலமும், ஐந்து சதவீதத்துக்குக் குறைந்த சரிவும் வெள்ளையின் இலக்கணம். இலக்கியம்: புதிதாகப் போட்ட சிமென்ட் ரோடு. ‘வெட்டப்படாதது’ என்றது என்னை எனின், இவ்வகைக்கு ஆயுள் குறைவு. ரோடு காய்ந்த கையோடு குடிநீர்க் குழாய்க்கு ஒருவரும், கேபிளுக்கு ஒருவரும், பாதாளச் சாக்கடைக்கு ஒருவரும் வெட்டுவர். ஆகவே வெள்ளையை ஒரு வகை என்னாது ஒரு பருவம் என்பாரும் உளர்.

நூற்பா 3

ஈரங் குலத்தின் மிகாத் தடை பச்சை.

உரை: வெட்டி மூடிய தெருக்கள் அனைத்தும் இதில் அடங்கும். குறுக்கே ஓடும் தழும்பின் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது மணி தானாக அடித்தால் அது பச்சை.

வாசல் சாய்தளங்களும் இவ்வகையே. இவை ஏன் தோன்றின என்பது அறியத்தக்கது. பழைய தார் மேலேயே புதிய தார் போடப் போட ரோடு உயர்கிறது, வீடு தாழ்கிறது. வீட்டுக்காரர் வாசலை உயர்த்தி, பைக் ஏற ஒரு சாய்வைத் தெருவுக்குள் நீட்டுகிறார். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய ரோடு போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதற்கு முன்பே பல தெருக்கள் வளர்ந்துவிட்டன. சமவெளியில் மலை உண்டாவது இவ்வாறு.

நூற்பா 4

எட்டங் குலம்வரை ஏறின் நீலம்.

உரை: வேகத்தடை இதற்குச் சான்று. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் உடையதாக இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் என்பது நான்கு அங்குலம். பச்சையின் வரம்போ இரண்டு. எனவே முறைப்படி கட்டிய வேகத்தடையே நடுத்தரத் தேர்ச்சி கேட்கிறது. முறையின்றித் தெருவாசிகள் இரவோடு இரவாகக் கட்டியது வைரத்தை எட்டும்.

இவ்விடத்து ஒரு காட்சி. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் ஒரு பிளஸ் ஒன் மாணவி. பின் கேரியரில் அவள் தோழி, மடியில் இரண்டு புத்தகப் பை. வெள்ளைப் பட்டை அழிந்துபோன தடை வருகிறது. முன்னவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னவள் பேச்சை நிறுத்தாமலே குதித்து இறங்கி, நாலடி ஓடி, தடை கடந்ததும் மறுபடி ஏறிக்கொள்கிறாள். முன்னவள் இரு பெடலையும் சமமாக வைத்து, சீட்டை விட்டு எழுந்து, முழங்காலை மடித்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறாள். மலைப் பூங்காக்களில் பணம் கட்டிக் கற்கும் முதல் பாடம் இந்த நிலைதான். இவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அந்த ரோடு கற்பித்தது.

நூற்பா 5

ஆழம் அறியா நீருடைப் பள்ளம்
கறுப்பென மொழிப கரையோ ரோரே.

உரை: பதினைந்து அங்குலத் தடை, பன்னிரண்டு அங்குல அகலம் கறுப்பின் அளவை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளவுகோல் பயன்படாது. தண்ணீர் எல்லாப் பள்ளத்தையும் ஒரே மட்டமாகக் காட்டும். காணாத தடையில் சிக்குவது இப்பகுதிக்குப் புதிதன்று. தொண்டைமான் மன்னனின் யானை முல்லைக் கொடிகளில் கால் பின்னி நின்றது என்பது பக்கத்துத் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலின் தல வரலாறு. யானைக்கே அந்தக் கதி.

இங்குப் பலகை உண்டா எனின், உண்டு. ஆனால் அலுவலகம் வைத்ததன்று. பள்ளத்தில் ஒரு வேப்பங்கிளை நட்டிருந்தால் கறுப்பு. கிளையில் சிவப்புத் துணி கட்டியிருந்தால், முந்தின நாள் யாரோ விழுந்தார் என்று பொருள். கிளையோடு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தால் அது மூடியில்லாத மேன்ஹோல்; இரட்டைக் கறுப்பு. எதிர் வீட்டுக்காரரோ டீக்கடைக்காரரோ மழையில் நனைந்துகொண்டே நட்டவை இவை. படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய குறிகள்.

நூற்பா 6

ஆறங் குலமே அகல மாயின்
இரட்டைக் கறுப்பென் றிசைக்கப் படுமே.

உரை: சரிவு இருபது சதவீதமும் அதற்கு மேலும், அகலம் ஆறு அங்குலமே என்பது சங்கத்தார் விதித்த உச்சம். மேல்நாட்டார் இதற்காகக் காட்டுக்குள் மரப்பாலம் கட்டுவர். இங்கோ சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தின் மேல், வீட்டுக்கும் தெருவுக்கும் குறுக்கே சென்ட்ரிங் பலகை ஒன்றைப் போடுவர். அகலம் ஏறக்குறைய அதே ஆறங்குலம். விடியற்காலையில் ஹேண்டில்பாரின் இருபுறமும் பால் பாக்கெட் பை தொங்க, சைக்கிளை அதன் மேல் உருட்டி வீட்டுக்குள் ஏற்றுபவர் இவ்வகையில் கரை கண்டவர். ஸ்டேஷன் நடைமேம்பாலப் படிகளில் சைக்கிளைத் தோளில் தூக்கி ஏறுவோர் இதன் இனமாவர். இதற்குத் தக்க வாகனம் ஆவடியில் உற்பத்தியாகிறது. ஆனால் ராணுவத்துக்கு மட்டும்.

நூற்பா 7

ஒருதடம் ஐவகை ஆதலும் உரித்தே.

உரை: இது மயக்கம் கூறிற்று. தையில் வெள்ளையாயிருந்த தெரு, சித்திரையில் வெட்டுண்டு பச்சையாகி, ஆடியில் மண் சரிந்து நீலமாகி, ஐப்பசியில் கறுப்பாகி, கார்த்திகையில் பலகை போடும் நிலைக்கு வரும். மலைத் தடங்களில் ஓட்டுபவர்தான் ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்குத் தேறிப் போவார். இங்கு ஓட்டுபவர் அங்கேயே இருப்பார், தெரு தேறும்.

வாகனத்திலும் மயக்கம் உண்டு. இருபத்தொரு கியரும் முன்பக்க ஷாக் அப்சார்பரும் உள்ள சைக்கிள் ஞாயிறு காலையில் காரில் ஏறி ஈ.சி.ஆருக்குப் போய் வழவழப்பான ரோட்டில் ஓடும். கியரில்லாத கறுப்பு ஸ்டாண்டர்டு சைக்கிளோ இரட்டைக் கறுப்பைத் தினம் இரு முறை கடக்கும்.

புறனடை

தடங்களை நிறம் பிரித்ததன் நோக்கம், முடிந்தவர் ஏறட்டும், முடியாதவர் விலகட்டும் என்பது. விலகிப்போக வேறு வழி இருந்தால்தான் அது விளையாட்டு. பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் ஒரே தெருதான் என்றால், அங்கே கறுப்பு வைரம் யாருடைய தேர்ச்சிக்கும் சான்றாகாது. வேலையை முடிக்காமல் போனதற்கே சான்று. ஆதலின் ஆவடி மாநகராட்சிக்கு இந்நூலார் வைக்கும் விண்ணப்பம் ஒன்றே: தோண்டியவர் மூடிவிட்டுத்தான் அடுத்த தெருவைத் தோண்ட வேண்டும் என்று விதி செய்து, ஐப்பசிக்கு முன் அதை நடத்திக் காட்டுங்கள். அதுவரை வாசகர்களே, பள்ளத்தில் நட்ட வேப்பங்கிளை சாய்ந்திருந்தால் வண்டியை நிறுத்தி நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள்.