கண்ணால் தேடுவதா, காலால் தேடுவதா: ஒரகடத்துக் குடும்பமொன்றின் சிப்பி வேட்டை பற்றிய முதற்கட்ட ஆய்வு

ஒரகடத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பம், வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையில் சிப்பி பொறுக்கப் போவது ஏன் என்ற கேள்வியை அறிவுலகம் இன்னும் தீண்டவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வாளர் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதகர். எதையும் கண்ணால் பார்த்துத்தான் ‘ஓகே’ போடுவார். இந்த ஆய்வின் கோளாறு முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வுக்கு வித்திட்டவன் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குடும்பம் குடும்பமாகப் படகில் போய், முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு, கடற்புல்லுக்கு மேலே மிதந்தபடி ஸ்காலப் என்னும் சிப்பியைப் பொறுக்கும் காணொளியைப் பார்த்துவிட்டான். அங்கே கோடையில் அதற்கென்று சீசன் உண்டு. பெரும்பாலும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓட்டோடு 2 கேலன், அதாவது ஏழரை லிட்டர்தான் வரம்பு. ஸ்காலப்பும் சும்மா கிடப்பதில்லை. ஓட்டின் விளிம்பில் வரிசையாகக் கண்கள். ஆள் வந்தால் இரண்டு ஓடுகளையும் கைதட்டுவதுபோல் தட்டி நீந்தி ஓடிவிடும். வேட்டைக்காரரை வேட்டையே பார்க்கிறது.

எங்கள் பகுதியில் ஸ்காலப்புக்கு என்ன பெயர் என்று மீன்காரரிடம் விசாரித்ததில், அவர் இறாலைக் காட்டினார். ஆனால் உருவம் பரிச்சயமானதுதான்: ஷெல் பெட்ரோல் பங்க்கின் மஞ்சள் சிப்பி. 1901இல் மஸல் என்னும் வேறொரு சிப்பியாக இருந்த அந்தச் சின்னம் 1904இல் ஸ்காலப் ஆனது. நிறுவனரின் தந்தை லண்டனில் கடற்சிப்பி விற்றவர். இங்கே ஒரு குடும்பம் ஸ்காலப்பிடம் எதையாவது பெறவேண்டுமென்றால் லிட்டர் கணக்கில் பெட்ரோல்தான். வரம்பு, பர்ஸைப் பொறுத்தது.

மன்னார் வளைகுடாவுக்குப் போகலாம் என்றான் மகன். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தவிர, ‘குளி’ என்றால் மூழ்கு என்ற பழம்பொருள் எங்கள் வீட்டில் வழக்கொழிந்துவிட்டது. லாரித் தண்ணீரில் அரை வாளிக்கு மேல் யாருக்கும் கிடையாது. எனவே வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காட்டு உப்பங்கழியே ஆய்வுக்களமாயிற்று; ஸ்காலப்புக்குப் பதில் மட்டி.

ஆன்லைனில் வாங்கிய இரண்டு முகமூடிகளையும் மாட்டிக்கொண்டு, தந்தையும் மகனும் முழங்கால் தண்ணீரில் குனிந்து முகத்தை விட்டோம். தெரிந்தது டீ நிறம். அரை மணி நேரம் கழித்து, பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்மணிக்கு மனசு கேட்கவில்லை.

“இன்னா சார், கண்ணால தேடுறே? அது சேத்துக்குள்ள கீது. காலால தேடு.”

மட்டிக்குக் கண்ணும் இல்லை, நீச்சலும் இல்லை, புதைந்தே கிடக்கும். பாதத்தை மெல்ல உருட்டினால் கூழாங்கல் போல உறுத்தும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கவ்வி எடுக்க வேண்டும். பதினாறு வருடம் சேஃப்டி ஷூவுக்குள் இருந்த என் கால் இதற்கு லாயக்கில்லை என்பது முதல் பத்து நிமிடத்திலேயே நிறுவப்பட்டது.

கரையில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினார். ஒரகடம் பக்கத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கும் நிலத்தில் நாற்று நட்ட கால் அது. “ஆயா, எப்படி ஆயா?” என்று பேரன் கேட்டதற்கு, “சேறு சேறுதானேடா” என்றார். அவர் கணக்கு 61. என்னுடையது 9.

அந்தப் பெண்மணி என் ஒன்பதையும் வாங்கி, இரண்டிரண்டாக ஒன்றோடொன்று தட்டினார். ஆறு, மந்தமாக ‘தொப்’ என்றது. செத்த ஓட்டுக்குள் சேறு அடைத்தவை. வெளிப்பார்வைக்கு ஆறும் அப்பழுக்கற்றவை. நானே ஓகே போட்டவை.

“என்னங்க, வேன் வாடகைக்குக் கோவளத்துல ரெண்டு கிலோ இறால் வாங்கியிருக்கலாம்” என்ற மனைவியின் கருத்து, இத்துறையில் வெளிவந்துள்ள ஒரே பொருளாதார விமர்சனம் என்பதால் அப்படியே பதிவு செய்யப்படுகிறது.

மணல் கக்குவதற்காக இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டிருந்த மட்டியை, திங்கள் காலை ஷிஃப்ட் பஸ் வருவதற்குள் மாமியார் வேகவைத்தார். எல்லாம் வாய் திறந்தன; இரண்டு மட்டும் திறக்கவில்லை. அவற்றை எடுத்துக் குப்பையில் போட்டார். ஆய்வாளரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.