குளியலறைப் பசையில் ஒரு பீர்

நியூசிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம். விற்காமல் இருந்தால் போதும். 1996 முதல் சாராயமே வடித்துக்கொள்ளலாம். நம்மூரில் இதைச் செய்தால் வாசலில் ஜீப் வந்து நிற்கும். சட்டமே இவ்வளவு தாராளமாக இருக்க, காசு கொடுத்துப் பாத்திரம் வாங்குவானேன் என்று புறப்பட்டேன். அங்கே பிடித்தது சனி.

ஆக்லாந்தில், மவுண்ட் ராஸ்கில் பக்கம் எங்கள் வாடகை வீட்டு கராஜில் ஒரு வெள்ளை வாளி சும்மா கிடந்தது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண். 'ஆகா, உணவுத்தரம்!' என்று நானே தீர்ப்பெழுதினேன். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும். முன்பு உள்ளே இருந்தது ஊறுகாயா பூச்சிமருந்தா என்று சொல்லாது. துளை போட்டு, தோட்டத்துப் பித்தளைக் குழாயைச் செருகினேன். பித்தளையில் கொஞ்சம் ஈயம் கலந்திருப்பதுண்டு, பீரோ புளிப்புச் சரக்கு என்பதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. வாஷர் வாங்கச் சோம்பல். குளியல்தொட்டி ஓரத்துக்குப் பூசிய சிலிக்கான் மிச்சம் இருந்தது, பிதுக்கி அப்பினேன். படித்தது இன்ஜினியரிங் வேறு.

மால்ட் சாற்றையும் ஈஸ்ட்டையும் ஊற்றி மூடிவைத்தேன். இரண்டொரு நாள் கழித்து மூடியைத் திறந்தால் வினிகர் வாசம். அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பீர் கெட்டாலும் அதே அமிலம்தான். கெட்டது எது என்று மூக்குக்குப் பிடிபடவில்லை. நொதித்தால் வாயு வெளியேறும் ஏர்லாக்கில் ஒரு குமிழிகூட இல்லை. அப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பசைக்குழலைப் படித்தேன்: பூஞ்சணம் பிடிக்காதாம். அதற்காகவே பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கிறார்கள். ஈஸ்ட்டும் பூஞ்சைதானே! ஆகஸ்ட் குளிரில் தூங்கியிருக்கும் என்று அதற்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். ருசி பார்க்க டம்ளரை எடுத்தபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, பாத்ரூமை நக்கிப் பாக்கப் போறீங்களா?"

அதற்குள் பசையும் தோலாக உரிந்து வந்துவிட்டது. அந்த வகைப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. இதே ஆக்லாந்தின் ஒட்டாஹுஹுவில் பீர் ஆலை நடத்திய மோர்ட்டன் கூட்ஸ், 1950களில் நிற்காமல் நொதிக்கும் முறையைக் கண்டுபிடித்து உலகப்புகழ் பெற்றார். என் வாளியில் நிற்காமல் நடந்தது ஒழுகல் மட்டும்தான்.

சாண்ட்ரிங்ஹாமில் இருக்கும் யாழ்ப்பாண நண்பர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணை, உதுக்குப் பசை என்னத்துக்கு? ரெண்டு பக்கமும் வொஷர் போட்டு நட்டை இறுக்கினால் காணும்."

பசை போட்டே தீருவேன் என்பவர்கள், உணவுத் தொடர்புக்கு ஏற்றது என்று அச்சிட்ட சிலிக்கானாகப் பார்த்து வாங்கி, முழுதும் காயவிட்டுக் கழுவுங்கள். கொதிக்கும் சாறு போகிற இடத்தில் பி.வி.சி. குழாய் வேண்டவே வேண்டாம். 80 டிகிரி சூட்டிலேயே தொய்ந்துவிடும். உணவுத்தர வாளி, அதற்கான குழாய், வாஷர், நட்டு எல்லாம் சேர்த்தாலும், நான் சாக்கடையில் கொட்டிய மால்ட்டின் விலைதான் வரும்.