மண்வெட்டிக்கு முன் ஆலோசகர்

கண்மாய் தூர்வாரும் தொண்டு நிறுவனத் தலைவருக்கு முதல் தேவை மண்வெட்டியா, ஆலோசகரா? சந்தேகமென்ன, ஆலோசகர்தான். மண்வெட்டிக்கு பவர்பாயின்ட் தெரியாது.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொன்னது. அந்தப் பணம் நேராகக் கண்மாய்க்குப் போனால் நனைந்துவிடாதா? அதனால்தான் ‘மாற்றக் கோட்பாடு’, ‘தாக்க மதிப்பீடு’, ‘தலைமைப் பண்பு முகாம்’ என்று ஈரமில்லாத இடங்களாகப் பார்த்துத் தங்கித் தங்கி வருகிறது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். ஆலோசகர்கள் அசரவில்லை. சிக்கனம் பற்றி உடனே ஒரு பயிலரங்கு, கொடைக்கானலில்.

அங்கே தலைவர் மனம் திறந்தார்: “ஊர்ப்பக்கம் போயே ஒரு வருஷமாச்சு சார்.”

ஆலோசகர் எழுந்து கைகுலுக்கினார். களத்தை விட்டு விலகி நிற்கத் தெரிந்தவரே முதிர்ந்த தலைவராம்.

இதற்கிடையே, காத்திருந்து அலுத்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கிக் கண்மாயைத் தூர்வாரிவிட்டார்கள். அறிக்கையில் அது ‘சமூகப் பங்கேற்பு: 100 சதவீதம்’ என்று ஏறியிருக்கிறது. அடுத்த கட்டமாக, அவர்களுக்கும் ஓர் ஆலோசகர் நியமிக்கப்படுகிறார்.