உள்வழி மாமா

செஞ்சி கூட்டு ரோட்டில் நின்றால் நான்கு திசைக்கும் பஸ் கிடைக்கும். கிழக்கே திண்டிவனம், மேற்கே திருவண்ணாமலை, தெற்கே விழுப்புரம், வடக்கே சேத்துப்பட்டு. நான்கும் நல்ல தார் ரோடு. இந்த நான்கில் எதிலும் சக்கரம் படாமல் இந்த நான்கு ஊருக்கும் போய்ச்சேரத் தெரிந்த ஓர் இனம் செஞ்சியில் உண்டு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார், அல்லது வேலைக்கு ஓய்வு கொடுத்திருப்பார். வாசலில் கீற்றுக் கொட்டகைக்கு அடியில் பழைய மாருதி 800 நிற்கும். பின்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர், டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர், சக்கரத்தில் வருஷம் முழுக்க ஏரி மண். வாயைத் திறந்தால் வருகிற முதல் வாக்கியம்: "மெயின் ரோடு எதுக்கு? உள்ள ஒரு வழி இருக்கு."

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் என் தாய்மாமா.

ஊருக்குப் போய் இறங்கினால் மற்ற மாமாக்கள் "நல்லா இருக்கியா?" என்பார்கள். இவர் கேட்பது வேறு.

"எந்த வழியா வந்த மாப்ள?"

"திண்டிவனம் வழியாத்தான் மாமா. மெயின் ரோடு."

பத்தாம் வகுப்பில் தவறியவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. "28 கிலோமீட்டர் வந்திருக்க. ஒண்ணையும் பார்க்கல. மேல்சித்தாமூர் பக்கம் திரும்பியிருக்கலாம். தமிழ்ச் சமணர்களோட மடமே அங்கதான் இருக்கு. எவ்ளோ பெரிய பார்சுவநாதர் கோயிலு!"

"பஸ் அந்தப் பக்கம் திரும்பாதே மாமா."

"அதான் பஸ்ல வராதன்றேன்."

மாமாவிடம் ஒரு வரலாற்றுக் கொள்கை உண்டு. உலகத்தில் தோற்றவர்கள் எல்லாரும் மெயின் ரோட்டில் போனவர்கள். சான்றுக்கு அவர் வெளியூர் போகத் தேவையில்லை. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698இல். ஏறக்குறைய எட்டு வருஷம் வாசலிலேயே நின்றான். உள்ளே இருந்த மராட்டிய ராஜா ராஜாராமோ, கோட்டை விழுவதற்குள் நழுவிப் போய்விட்டான். பிறகு 1750இல் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி வந்தான். ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டான். மாமா இதை விவரித்துவிட்டு முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்துவார். "ஒருத்தனுக்கு எட்டு வருஷம், ஒருத்தனுக்கு ஒரு ராத்திரி. ஏன்? இவனுக்கு யாரோ உள்வழி சொல்லியிருக்கான். ராஜாராம் போனது மட்டும் என்ன, திருவண்ணாமலை ரோட்லயா போயிருப்பான்?" சரித்திர ஆசிரியர்கள் பீரங்கி, குழப்பம், இருட்டு என்று வேறு காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வழி கேட்டு எழுதாதவர்கள் என்பது மாமாவின் கட்சி.

இந்த இனத்தின் இன்னொரு அடையாளம், தெரிந்த வழியையும் கேட்பது. பனமலைக்கு அவர் நூறு தடவை போயிருப்பார். ஆனாலும் அனந்தபுரம் தாண்டியதும் ஆடு மேய்க்கிற பெரியவர் பக்கத்தில் வண்டி நிற்கும்.

"அய்யா, பனமலைக்கு எப்டிப் போறது?"

"இப்டியே போங்க. ஏரிக்கரை வரும். கரை மேலயே போனா மதகு. மதகுக்கு அந்தாண்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. பீச்சாங்கைப் பக்கம் ஒரு ரோடு போவும், அது வேணாம். கூப்டு தூரந்தான்."

அந்தக் கூப்பிடு தூரம் ஆறு கிலோமீட்டர். கூப்பிட்டவர் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் போட்டவராக இருந்திருக்க வேண்டும். ஆனால் மாமா அதற்குள் இறங்கிவிட்டிருப்பார். மழை எப்படி, கிணற்றில் தண்ணி எத்தனை முழம், பையன் எங்கே வேலை செய்கிறான் என்று விசாரணை நடக்கும். பெரியவர் பனையடியில் கிடந்த நுங்கைச் சீவித் தருவார். கால் மணி கழித்து வண்டி கிளம்பும்போது மாமா பெருமையோடு சொல்வார்: "பத்து நிமிஷம் மிச்சம் மாப்ள, இந்த வழியில."

முப்பது வருஷமாக மிச்சம் பிடித்த அந்தப் பத்துப் பத்து நிமிஷங்களை எந்த பேங்கில் போட்டிருக்கிறார் என்பதுதான் அத்தையின் நெடுநாள் கேள்வி.

ஒருநாள் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். நாங்கள் போய்க்கொண்டிருந்த ரோட்டுக்கு அது 'பெயரற்ற சாலை' என்று பட்டம் கொடுத்திருந்தது. மாமாவுக்கு வந்த கோபத்தில் வண்டி தானே நின்றது. "பேரில்லையா? இது ரைஸ்மில் ரோடு. அந்தாண்ட போறது சுடுகாட்டு ரோடு. இதோ இந்த வண்டிப்பாட்டை பொண்ணு அழைச்சிக்கினு வர்ற பாட்டை. பேரு இல்லாத ரோடு எந்த ஊர்ல இருக்கு? போனுக்குத் தெரியலன்னா போயி கேட்டுக்கட்டும்!" உண்மையில் இந்தப் பக்கத்தில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. நல்லான்பிள்ளைபெற்றாள் என்றே ஓர் ஊர் இருக்கிறது. மெயின் ரோடு வேகத்தில் போனால் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் முடிந்துவிடும். மாமாவின் வேகத்தில் போனால் படித்து முடித்து, அந்த நல்ல ஆண்பிள்ளை இப்போது என்ன செய்கிறான் என்று விசாரிக்கவும் நேரம் இருக்கும்.

அறுவடை முடிந்த தை மாசியில் இந்த ரோடுகளின் சட்டம் மாறிவிடும். பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு நெல்லுக்கு. நெல்லைச் சுற்றி வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு பாட்டி கோலோடு உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பின்னால் போவது நாம்தான். நெல் பின்னால் போகாது. நாமாக இருந்தால் ஆரன் அடிப்போம். மாமா இறங்கி, ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார்.

"பொன்னியா ஆயா?"

"ஆமா சாமி."

"இன்னும் ஒரு வெயில் காயணும். ஈரத்தோட கமிட்டிக்குப் போனா விலையைக் கொறச்சிடுவான்."

ஆயாவுக்கு இது தெரியாதா? செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றுகிறவர் அவர். இருந்தாலும் தலையாட்டுவார். போகும்போது மாமா நெல்லில் ஏறாமல், ஒரு பக்கச் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கி, வண்டியைச் சாய்த்து, எங்கள் அனைவரையும் ஒருவர் மடியில் ஒருவராகச் சரித்துக் கொண்டுபோவார். ஒரு மணி நெல் நசுங்கவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொள்வார். நசுங்கிய எங்களைப் பார்க்க அந்தக் கண்ணாடியில் இடமில்லை.

இவருடைய பின்சீட்டில் அத்தை இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறார். முன்சீட்டு அவருக்குக் கிடைத்ததில்லை. அது வழி காட்டுவதற்காக ஏற்றிக்கொள்ளும் அந்நியர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒருநாள் காலை, காப்பி மட்டும் குடித்த வயிற்றோடு அத்தையையும் பேரனையும் சிங்கவரம் ரங்கநாதரைச் சேவிக்கக் கூட்டிப்போனார். கோட்டையிலிருந்து கொஞ்ச தூரம்தான். வழியில் திருநாதர்குன்றில் வண்டி நின்றது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் வரிசை. பக்கத்தில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்லும் கல்வெட்டு. "தமிழ்ல 'ஐ'ங்கிற எழுத்து கல்லுல முதல்ல கெடச்சதே இங்கதாண்டா" என்றார் மாமா பேரனிடம். "ஐஸ் எப்ப தாத்தா?" என்றான் அவன். அத்தை கல்வெட்டைப் பார்த்துவிட்டு வெயிலைப் பார்த்தார். "நமக்கு இன்னும் 56 நாள் பாக்கி" என்றார்.

சிங்கவரத்தில், குகைக்குள் பெரிதாகப் பள்ளிகொண்டிருக்கிறார் பெருமாள். 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டைக்குக் கிளம்பிய தேசிங்கு ராஜன் உத்தரவு கேட்க வந்தபோது, போகாதே என்பதுபோல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. தேசிங்கு கேட்கவில்லை, போனான், மாண்டான். மாமா இதைச் சொல்லி முடித்துவிட்டு, "வந்ததே வந்தோம், அப்டியே உள்வழியா மேல்மலையனூர் போயிட்டு..." என்று ஆரம்பித்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேசிங்கைப் போலவே மாமாவும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் விழுப்புரம் கல்யாணம். ஏழரை ஒன்பது முகூர்த்தம். மெயின் ரோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, மொய்க்கவர் எல்லாம் தயார். ஆறு மணிக்கு வண்டி அனந்தபுரம் பக்கம் திரும்பியது. யாரும் பேசவில்லை. பேசிப் பயனில்லை என்பது எங்கள் குடும்பத்துச் சொத்து.

பனமலை ஏரி அந்த வருஷம் கோடி போய்க்கொண்டிருந்தது. குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில்; கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்; விடியற்காலை வெளிச்சம் அதில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. கரையோரப் பனைகள் தலைகீழாக நின்றன. நீர்க்காக்கை ஒன்று மூழ்கி எங்கேயோ எழுந்தது. மேலே ஏறிப்போய் சுவரோவியத்தைப் பார்த்தோம். சிவன் ஆடுவதைப் பார்வதி காலை மடித்து, தலை சாய்த்து, சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏறக்குறைய 1300 வருஷமாகப் பார்க்கிறாள். "இவளும் நம்மள மாதிரிதான், புருஷன் ஆடுறதப் பார்த்துக்கிட்டே நிக்கிறா" என்றார் அத்தை. ஆனால் குரலில் கோபம் இல்லை. மாமா ஒரு விவரமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

"எதுக்குங்க இங்க வந்தோம்?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார்.

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த."

டிக்கியில் இரண்டு கேன் நிறையத் தண்ணீர் இருந்தது.

அங்கிருந்து மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவருக்கும் கோயில் செய்ததாக மகேந்திரவர்மன் கல்லில் எழுதி வைத்திருக்கும் குகை. போன வழியும் அதே பாணியில் இருந்தது. ஜல்லி, தார், மண் எதுவும் இல்லாமல் யாரோ ரோடு போட்டிருந்தார்கள். கல்வெட்டு மட்டும் வைக்கவில்லை. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிலோமீட்டர் முள் 79 கூடியிருந்தது. "முகூர்த்தம் ஆச்சு. மறுவீட்டுக்காவது மெயின் ரோட்ல வாங்க" என்றார் பெண்ணின் அப்பா.

அன்றைக்குத்தான் எனக்கு மாமா புரிந்தார். நம் ஊரில் சும்மா இருக்கலாம். அதற்கு மரியாதையே உண்டு. சும்மா போக முடியாது. வண்டியை எடுத்தால் "எங்கே?" என்று நான்கு திண்ணை கேட்கும். "ஏரி பார்க்க" என்று சொன்னால் ஐம்பத்தெட்டு வயது ஆளை உட்கார வைத்து மந்திரிப்பார்கள். அதனால் காரணம் வேண்டும். பேரனுக்கு மொட்டை போட நாள் கேட்க வேண்டும், யார் பையனுக்கோ பெண் பார்க்க வேண்டும், விலைக்கு வருகிற கொல்லையைப் பார்க்க வேண்டும், பேட்டரி இறங்காமல் இருக்க வண்டியை ஓட்ட வேண்டும். அத்தனை காரணத்தையும் உண்மையென்று நம்புகிறவர் ஊரிலேயே மாமா ஒருவர்தான்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. பட்டியலில் சேர்ந்த மராட்டியர் கோட்டைகள் 12இல் 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம்முடையது. இப்போது கூட்டு ரோடு டீக்கடையில் வெளியூர்க் கார்கள் நின்று கோட்டைக்கு வழி கேட்கின்றன. தலையைத் தூக்கினாலே தெரிகிற கோட்டைக்கு மாமா சிங்கவரம் சுற்றி வழி சொல்கிறார். அவர் மட்டும் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு ஒரு தடவைகூட ஏறியதில்லை. 800 அடி உயரமெல்லாம் காரணமில்லை. மேலே போக ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை வாங்க அவலூர்பேட்டை போகிறாராம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். மாமா வீட்டுக்கு எதிர் வீடு மல்லாட்டை மண்டி.